கிராம் ஸ்டெயினிங்: 30 விநாடியா, சொட்டு தெளியும் வரையா?

வயலட்விரல்:
நேற்று இன்னொரு இழையில் ஆய்வகப்பொறுப்பு சார் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கிரிஸ்டல் வயலட்டின் ஊதா, ஆல்கஹாலில் கழுவிய பிறகும் நின்றால் அந்தக் கிருமி பாசிட்டிவ்; ஊதா போய் சஃப்ரானினின் சிவப்பு ஏறினால் நெகட்டிவ். அதுதானே கிராம் ஸ்டெயின்? முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது சரியாக வராததற்கு ஒரே காரணம் நேரத்தைக் கடைப்பிடிக்காததுதானாம். கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், அயோடின் 1 நிமிடம், ஆல்கஹால் 30 விநாடி, சஃப்ரானின் 1 நிமிடம் என்று அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் போதுமாம். மற்ற மூன்றும் இருக்கட்டும். அந்த 30 விநாடியை எந்தத் தைரியத்தில் சுவரில் ஒட்டச் சொல்கிறீர்கள்?

18 வருடமாக பி.எஸ்சி. நுண்ணுயிரியல் பிள்ளைகளுக்கு லேப் எடுக்கிறேன். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கடிகாரத்தைப் பார்க்காதே, சொட்டைப் பார். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து மேல் விளிம்பிலிருந்து ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கீழ் விளிம்பில் முதலில் கருநீலமாக வடியும், அப்புறம் கத்தரிப்பூ நிறம், அப்புறம் லேசாக ஒரு சாயல். நிறமே இல்லாத முதல் சொட்டு விழுந்ததும் குழாய்த் தண்ணீரைக் காட்டிவிட வேண்டும். அது சிலருக்கு 8 விநாடி, சிலருக்கு 25 விநாடி.

ஆய்வகப்பொறுப்பு:
மேடம், உங்கள் கல்லூரியில் ஒரு பேட்சுக்கு எத்தனை பேர்? எனக்கு 48 பேர், 6 மைக்ரோஸ்கோப், இரண்டு மணி நேரம். "சொட்டைப் பார்" என்றால் 48 பேரும் 48 விதமாகப் பார்ப்பார்கள். 30 விநாடி என்றால் எல்லோருக்கும் ஒரே 30 விநாடி. அறிவியல் என்றால் அளவு வேண்டும். கைப்பக்குவம் சமையலுக்கு.

வயலட்விரல்:
சமையலை இழுக்காதீர்கள். ஸ்லைடில் தேய்க்கிற கிருமிப் படலம், அந்த ஸ்மியர், 48 பேருக்கும் ஒரே கனமா இருக்கிறது? ஒருத்தி கம்பி லூப்பில் கிருமியை அள்ளி தோசை மாவு மாதிரி அப்பியிருப்பாள். 30 விநாடி கழித்தும் அவள் ஸ்லைடில் ஊதா போயிருக்காது, நெகட்டிவான ஈ.கோலையும் பாசிட்டிவ் என்று எழுதுவாள். பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசாகத் தேய்த்திருப்பான். அதே 30 விநாடியில் பாசிட்டிவான பேசில்லஸ்கூட வெளுத்துப்போய் சஃப்ரானினை ஏற்றுச் சிவப்பாக நிற்கும். இரண்டு பேரும் உங்கள் சுவரைப் பார்த்துத்தான் செய்தார்கள்.

சும்மா_கேட்கிறேன்:
ஒரு சந்தேகம். நீங்கள் இருவரும் ஊற்றுவது 95 சதவீத எத்தனாலா, அசிட்டோன் கலந்ததா? அதைச் சொன்னால்தானே விநாடியைப் பேச முடியும்?

ஆய்வகப்பொறுப்பு:
பேசில்லஸ் சிவப்பானால் கல்சர், அதாவது வளர்த்துவைத்த கிருமி, பழசு. 18 முதல் 24 மணி நேரக் கல்சர் கொடுங்கள், வரும். 30 விநாடியின் மேல் பழி போடாதீர்கள்.

வயலட்விரல்:
பழைய கல்சரைப் பற்றி நீங்களா சொல்வது! போன வாரம்தான் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் இருந்த ஸ்லான்ட் என்ற கல்சர் டியூப்பிலிருந்து நேராக ஸ்மியர் போட்டதாக எழுதினீர்கள். பழைய செல்களில் சுவர் சிதைந்து கிரிஸ்டல் வயலட்டும் அயோடினும் சேர்ந்த கூட்டு நிற்காது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகள் கையில் வருவது எப்போதும் 20 மணி நேரக் கல்சராக இருக்காது. 30 என்பது அதற்கு என்ன பதில் சொல்லும்?

ஆஸ்பத்திரி_லேப்:
இருவரும் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறீர்கள். நாங்கள் அசிட்டோன் பயன்படுத்துகிறோம், இரண்டு மூன்று விநாடிதான். 30 விநாடி விட்டால் சளி ஸ்லைடில் பாசிட்டிவான நிமோகாக்கஸ் கிருமி ஒன்றுகூட ஊதாவாக மிஞ்சாது. உங்களிடம் படித்துவிட்டு எங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆய்வகப்பொறுப்பு:
ஆஸ்பத்திரிக்காரர்கள் கல்லூரியைக் குறை சொல்லாத நாள் உண்டா? உங்களிடம் இன்டர்ன்ஷிப் வந்த என் மாணவர்களை ஒரு மாதம் முழுக்க டியூப்பில் லேபிள் ஒட்ட வைத்தீர்கள். ஒரு ஸ்லைடு தொட விடவில்லை. அவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஆஸ்பத்திரி_லேப்:
நோயாளியின் சாம்பிள் பயிற்சிப் பொருள் அல்ல, சார். லேபிள் மாறினால் என்ன ஆகும் என்று தெரியுமா? அதைக் கற்றுக்கொண்டதை இழிவாக நினைக்காதீர்கள்.

மூன்றாம்வருடம்:
நான் மாணவி. போன செமஸ்டர் பிராக்டிகலில் எனக்கு வந்தது பேசில்லஸ். எங்கள் லேபில் சுவரில் 30 விநாடி என்றுதான் இருந்தது, மனசுக்குள் எண்ணினேன். எல்லாம் சிவப்புக் குச்சியாக வந்தது. எக்ஸ்டர்னலாக வந்த தேர்வாளர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு "எண்டோஸ்போர் (செல்லுக்குள் இருக்கும் உறக்க வித்து) இருக்கிற குச்சியை நெகட்டிவ் என்று எழுதியிருக்கிறாயே" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. பாதி மார்க் போனது. ரெக்கார்ட் நோட்டில் புரொசீஜர் முழுக்கச் சரி.

வயலட்விரல்:
பார்த்தீர்களா சார்? இந்தப் பிள்ளை தப்பே செய்யவில்லை. பாசிட்டிவ் கிருமியில் தடித்த பெப்டிடோகிளைக்கன் சுவர் ஆல்கஹாலில் நீர் இழந்து இறுகி ஊதாவைப் பிடித்துக்கொள்கிறது. நெகட்டிவில் வெளிச்சவ்வின் கொழுப்பு கரைந்து ஊதா வெளியேறுகிறது. ஆனால் பிடித்துக்கொள்வதற்கும் ஒரு எல்லை உண்டு, விட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் போய்விடும். அந்த எல்லை எங்கே என்று சொட்டு காட்டுகிறது. சுவர் காட்டாது. 1884இல் பெர்லினில் நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமியைத் தேடியபோதுதான் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் இந்த முறையைக் கண்டார். அப்போது இதில் சஃப்ரானினே கிடையாது. முறை குறையுள்ளது, மற்றவர்கள் கையிலாவது பயன்படட்டும் என்று அவரே எழுதினார். கண்டுபிடித்தவருக்கு இருந்த அடக்கம் நம் சுவருக்கு இல்லை.

ஆய்வகப்பொறுப்பு:
அந்த மாணவி மனசுக்குள் எண்ணினாள் என்கிறாள். ஸ்டாப்வாட்ச் வைத்தாளா? மனசுக்குள் 30 எண்ணினால் பதற்றத்தில் 50 ஆகும். என் 30 விநாடியை நீங்கள் தோற்கடிக்கவில்லை.

தமிழ்வழி:
விநாடி போகட்டும். முதல் வகுப்பில் பாதிப் பேர் கிராம் என்பதை எடை அளவு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பையன் எத்தனை கிராம் நெகட்டிவ் என்று கேட்டான். பெயரைச் சொல்லாமல் நிறத்தைச் சொல்லுகிறோம். முதலில் மனிதரின் பெயர் என்று சொல்லிக்கொடுங்கள், தமிழில்.

வயலட்விரல்:
அதை நான் முதல் நாளே சொல்கிறேன். ஆனால் பேச்சை மாற்றாதீர்கள். ஆய்வகப்பொறுப்பு சாருக்கு அளவு மேல் அவ்வளவு பற்று இருந்தால் போன மாதம் கிருமி வளர்க்கும் பிளேட்டை உறைய வைக்கிற அகார் 1.5 சதவீதம் எதற்கு, செலவு மிச்சம், 1 சதவீதம் போதும் என்று ஏன் எழுதினார்? அதை நம்பி ஒருவர் பிளேட் ஊற்றி, கிருமியைக் கோடாக இழுத்து ஸ்ட்ரீக் பண்ணும்போது லூப் உழுதுகொண்டு போனதாக இங்கேயே வந்து புலம்பினார். அங்கே அளவு தளரலாம், இங்கே 30 விநாடி மட்டும் கல்லா?

ஆய்வகப்பொறுப்பு:
அந்த அகார் விவகாரம் முடிந்துபோனது. லூப்பை 45 டிகிரியில் அழுத்திப் பிடித்தால் 2 சதவீதத்திலும் கிழியும். இன்னும் அதையே வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். என் பேட்சில் போன வருடம் 48 பேரில் பெரும்பாலானவர்களுக்கு ஸ்டெயின் சரியாக வந்தது. 30 விநாடியில்.

சும்மா_கேட்கிறேன்:
இன்னும் யாரும் சொல்லவில்லை. எத்தனாலா, அசிட்டோன் கலந்ததா?

வயலட்விரல்:
பெரும்பாலானவர்கள் என்றால் மீதிப் பேர்? அந்த மீதிப் பேரைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். நான் இப்படிச் செய்கிறேன்: ஒரே ஸ்லைடில் மூன்று ஸ்மியர். ஒரு பக்கம் ஈ.கோலை, மறுபக்கம் பாசிட்டிவான ஸ்டேஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், நடுவில் அவர்கள் வீட்டுத் தயிர். தெரிந்த இரண்டும் தன் நிறத்தில் வந்தால்தான் நடுவில் இருப்பதை நம்பலாம். ஒரு பையன் மூன்று தடவை கெடுத்தான், மூன்று தடவையும் ஸ்டேஃபைலோகாக்கஸ் சிவப்பு. நான்காம் தடவை நான் பக்கத்தில் நின்று எதுவும் சொல்லவில்லை. அவனே விளிம்பைக் கவனித்தான், சொட்டு தெளிந்ததும் தண்ணீர் காட்டினான். எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்க்கும் ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் ஒரு பக்கம் ஊதாக் கொத்து, மறுபக்கம் சிவப்புக் குச்சி, தயிரில் ஊதாச் சங்கிலி. "மேடம், இது எங்கம்மா உறையூற்றினது" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். விநாடி எத்தனை என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆய்வகப்பொறுப்பு:
நான்கு தடவை ஒருவனுக்கு! 48 பேருக்கு நான்கு தடவை என்றால் 192 ஸ்லைடு. லேப் அசிஸ்டென்ட் வேலையை விட்டே போய்விடுவார். யதார்த்தம் பேசுங்கள்.

ஆஸ்பத்திரி_லேப்:
அசிட்டோன் வாங்கினால் இரண்டு விநாடி.

வயலட்விரல்:
ஸ்லைடைக் கழுவிக் கழுவித்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம் சார், பணக்காரக் கல்லூரி இல்லை. 192 ஸ்லைடு கணக்குப் போட நேரம் இருக்கிறது, ஒரு சொட்டைப் பார்க்க நேரம் இல்லையா? அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுங்கள்.

ஆய்வகப்பொறுப்பு:
எடுக்க மாட்டேன். திங்கட்கிழமை லேமினேட் பண்ணி ஒட்டுகிறேன்.