ரம்மி இழுக்கிறது, எதிர்த்து நிற்பது எப்படி?

மார்த்தாண்டத்துக்காரன்: அண்ணன்மாரே, ரப்பர் ஷீட் விற்ற காசு கையில் வந்ததும் போனில் ரம்மி ஆடத் தோன்றுகிறது. பிசாசுக்கு எதிர்த்து நின்றால் ஓடிப்போவான் என்று பைபிளில் யாக்கோபு 4:7 சொல்கிறது, நானும் இயேசுவின் நாமத்தில் அதட்டிப் பார்க்கிறேன், அவன் போகிற மாதிரி தெரியவில்லையே?

தக்கலை அண்ணன்: மக்கா, வசனத்தை முதலில் இருந்து வாசி. "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்றுதான் தொடங்குகிறது, அதை விட்டுவிட்டு அதட்டினால் எப்படி? வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசுவே கத்தவில்லை, மூன்று முறையும் பழைய ஏற்பாட்டின் உபாகமத்திலிருந்து வசனம்தான் சொன்னார்.

குளச்சல் அக்கா: அதெல்லாம் சரி. ஆனால் போத்திபாரின் மனைவி பாவத்துக்கு இழுத்தபோது, யோசேப்பு கடைசியில் வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான் தம்பி! ஆப்பை அழி, அப்புறம் ஷீட் காசு வீட்டுக்காரி கணக்கில் விழட்டும்.

மார்த்தாண்டத்துக்காரன்: ஆப்பை அழித்துவிட்டேன் அக்கா. வீட்டுக்காரியிடம் சொல்லத்தான் பயமாக இருக்கிறது.