தலைக்குந்தா உறைபனிக் கருவியும் 0.1 மைக்ரோ ஆம்பியரும்

கோத்தகிரி மின்பணியாளர்: "உறைபனியை முன்கூட்டிச் சொல்லும் கருவிக்கு அட்மெகா328பி சிப் போதும், வேலையின்றித் தூங்கும்போது அது இழுப்பது 0.1 மைக்ரோ ஆம்பியர்தான்" என்று குன்னூர்க்காரர் நேற்று எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த 0.1, 1.8 வோல்ட்டில் சிப்பின் எல்லாக் கடிகாரமும் நின்றுபோன நிலைக்கு உரியது. கடிகாரமே நின்றால் பத்து நிமிடம் கழித்து அதை எழுப்புவது யார்?

குன்னூர்க்காரர்: சிப் தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் 0.1 என்றுதான் அச்சிட்டிருக்கிறது. எழுப்ப சிப்புக்குள்ளேயே வாட்ச்டாக் என்ற டைமர் இருக்கிறது. எம்எஸ்பி430 சிப் தவிர வேறு எதையும் நீங்கள் மதிக்கமாட்டீர்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

கோத்தகிரி மின்பணியாளர்: வாட்ச்டாக்கை இயக்கினால் 3 வோல்ட்டில் 4 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டும். உங்கள் எண்ணைப் போல் நாற்பது மடங்கு! அதற்கும் 8 விநாடிதான் உச்சம். பத்து நிமிடத்துக்குள் 75 முறை எழுந்து எழுந்து படுக்க வேண்டும். 32 கிலோஹெர்ட்ஸ் படிகம் வைத்தால் 0.75, அதுவும் 1.8 வோல்ட்டில். எம்எஸ்பி430எஃப்ஆர்5969 கடிகாரம் ஓடும்போதே 0.25தான். 0.1 என்று இனி எழுதாதீர்கள்.

மன்னவனூர் விவசாயி: ஐயா, தூக்கத்தையே பேசுகிறீர்களே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் அனுப்பும் லோரா ரேடியோ அரை விநாடி 30 மில்லி ஆம்பியர் இழுத்தால் சராசரி 25 மைக்ரோ ஆம்பியர். 220 மில்லி ஆம்பியர்-மணி பொத்தான் பேட்டரி கணக்குப்படியே ஓராண்டுதான் வரும். குளிரில் அந்த 30ஐத் தரவே திணறும். போன மார்கழியில் என் பூண்டு வயலில் வைத்த பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி, சிப்பின் கால்களுக்கிடையே வெள்ளைப் படலம். அந்த ஈரம் 1 மெகா ஓம் பாதை போட்டாலே 3 மைக்ரோ ஆம்பியர் கசியும். முதலில் பலகைக்கு வார்னிஷ் பூசுங்கள்.

குன்னூர்க்காரர்: கொடைக்கானல் பக்கத்து மன்னவனூர்க் குளிரை வைத்து ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

மன்னவனூர் விவசாயி: எங்கள் ஊரில் பனி விழுந்து புல் வெளுத்ததை நீங்கள் வந்து பார்த்ததுண்டா? பயிர் கருகினால் எங்களுக்கும் அதே நட்டம்தான்.

கோத்தகிரி மின்பணியாளர்: ஊர்ச் சண்டை வேண்டாம். எழுப்புவது யார்? அதற்குப் பதில் வரவில்லை.

குன்னூர்க்காரர்: இரண்டு வருடமாக என் மல்டிமீட்டரை வைத்திருக்கிறீர்கள், அதற்கும்தான் பதில் வரவில்லை. அதைக் கொடுத்தால் நானே 0.1ஐ அளந்து காட்டுவேன்.

கோத்தகிரி மின்பணியாளர்: அதை மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்தால், லோரா அனுப்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து சிப் மறுதொடக்கம் ஆகிறது. நாளைக் காலை பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன். அளந்து பாருங்கள். கடிகாரத்தை ஓடவிட்டு அளக்க வேண்டும்.

குன்னூர்க்காரர்: டேட்டாஷீட்டில் 0.1 என்றுதான் இருக்கிறது.

கோத்தகிரி மின்பணியாளர்: எழுப்புவது யார்?