குடிக்காதவனுக்கு ஈரல்ல எதுக்குய்யா கொழுப்பு?

மாசிவீதிக்காரன்:
ஜவுளிக்கடையில 22 வருசமா நிக்கிறேன். வயசு 51, சுகர் வந்து 9 வருசம். போன வருசம் வயித்து ஸ்கேன்ல 'ஃபேட்டி லிவர், கிரேடு 2'ன்னு வந்துச்சு. ரிப்போர்ட்டை வீட்டுல காட்டின அன்னைக்கு மாமியார் என்னையப் பார்த்த பார்வை இருக்கே! மீனாட்சி சத்தியமா ஒரு சொட்டு குடிச்சதில்ல. ஈரல் பாதிப்பைக் காட்டுற எஸ்ஜிபிடி ரத்தத்துல எப்பவும் நார்மலாவே இருந்ததால எனக்கும் சந்தேகமே வரல. அது நார்மலா இருந்தாலும் ஈரல்ல கொழுப்பு இருக்கலாம்னு அப்பத்தான் தெரியும்.

டாக்டர் வீட்டுக்காரியையும் உட்கார வச்சுச் சொன்னார். டைப் 2 சுகர்காரங்கள்ல பாதிப் பேருக்கு மேல இது இருக்காம். இன்சுலின் பேச்சை உடம்பு கேக்காமப் போனா, உடம்புல சேர்ந்திருக்க கொழுப்பு ரத்தத்துல கலந்து ஈரலுக்குப் போகுது. மிஞ்சுன சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக்கி வச்சுக்குது. முன்னாடி 'மது சாராத'ன்னு இருந்த பேரை 2023ல மாத்தி, வளர்சிதை மாற்றக் கோளாறுங்கிறதைச் சேர்த்துட்டாங்களாம். மாமியாருக்கு அதெல்லாம் எடுபடல. கொஞ்ச நாள் என் சட்டையை மோந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க.

"நாள்பூரா நிக்கிறேனே சார், அது கணக்குல வராதா?"ன்னேன். "நிக்கிறது நிக்கிறதுதான்"னு முடிச்சுட்டார்.

அன்னையிலிருந்து வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுத்த ஆரம்பிச்சேன். ஒரு சுத்து ஒன்னேகால் கிலோமீட்டர் வரும். கூட மூணு பேர். அரசியல் பேசுவோம், கடை முதலாளியத் திட்டுவோம், முடிச்சதும் சுடச்சுட பருத்திப்பால், ரெண்டு வடை. கருப்பட்டிதானே, நல்லதுன்னு ஒரு நெனப்பு. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா எடை 82, போன தடவையும் 82. டாக்டர் திட்டல, ஒன்னுதான் கேட்டார்: "நடக்கும்போது பாட முடியுதா?" கச்சேரியே பண்ணலாம் சார்னேன். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகத்துல வாரம் 150 நிமிசம் நடன்னார். தொடர்ந்தாப்புல ரெண்டு நாளுக்கு மேல விடவும் கூடாது. தசை வேலை செஞ்சா இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கும், ஈரலுக்குப் பாரம் குறையும். ஆனா நடந்ததால இன்சுலின் பேச்சை உடம்பு கேக்குற அந்தச் சொரணை ஒன்னு ரெண்டு நாள்தான் நிக்கும்.

நண்பர்களை விட்டுட்டுத் தனியா நடந்தேன். அதுல ஒருத்தர் இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கார். மிச்சத்தை ராத்திரி எழுதுறேன், கடை திறக்கணும்.

திருமங்கலத்தக்கா:
தம்பி, ஆர்வக்கோளாறுல நான் செஞ்சதைச் சொல்லிர்றேன். எனக்கும் சுகர், ஃபேட்டி லிவர் ரெண்டும் உண்டு. இன்சுலினைச் சுரக்க வைக்கிற கிளிமிபிரைடு மாத்திரை போட்டுட்டு, வெறும் வயித்துல திருப்பரங்குன்றத்துல கிரிவலம் போனேன். பாதி வழியில கை நடுக்கம், சட்டை நனையுற மாதிரி வேர்வை, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஆட்டோக்காரத் தம்பி ஒருத்தன் இனிப்பு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வச்சான். பக்கத்து மெடிக்கல்ல குத்திப் பார்த்தப்போ 58. 70க்குக் கீழ போனாலே ஆபத்து. இப்ப பையில குளுக்கோஸ் பொட்டலம் இல்லாம வாசப்படி தாண்ட மாட்டேன். மெட்ஃபார்மின் மட்டும் போடுறவங்களுக்கு இந்தத் தொல்லை அபூர்வம். இன்சுலினோ இந்த மாதிரி மாத்திரையோ எடுக்குறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கிளம்புங்க.

இன்னொன்னு. சாமிக்குன்னு செருப்பில்லாம நடந்தேன். சுகரால மரத்துப்போன பாதத்துக்குக் கொப்புளம் வந்ததே தெரியல, மெத்தையில ரத்தம் பார்த்துத்தான் தெரிஞ்சது. ஆற ஒன்றரை மாசம் ஆச்சு. சாமி கோவிச்சுக்காது, ஷூ போடுங்க.

மேலூரான்:
நம்ம வயக்காட்டுக்காரன். நமக்கும் கிரேடு 1 வந்துருச்சு. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின், வரப்புக்குப் போக பைக். அப்புறம் எங்கிட்டு வேர்க்குது? முட்டி வலி வேற, நடந்தா வீங்கிருது. அண்ணே, நடக்காம வழி இருக்கா?

மாசிவீதிக்காரன்:
இருக்கு தம்பி. எடை தூக்குற பயிற்சியும் ஈரல் கொழுப்பைக் குறைக்கும். நான் வாரம் ரெண்டு நாள் ரப்பர் பட்டை இழுக்குறேன், நாற்காலியில உட்கார்ந்து எந்திரிக்கிறேன். உங்க முட்டிக்கு எது சரின்னு பிசியோகிட்ட ஒரு தடவை காட்டிட்டு ஆரம்பிங்க.

விட்ட கதைக்கு வர்றேன். ஏழு மாசத்துல 82லிருந்து 79.5. அவ்வளவுதான்! ரெண்டரைக் கிலோவுக்கா இந்தப் பாடுன்னு வெறுத்துட்டேன். பெல்ட்டு மட்டும் ஒரு ஓட்டை உள்ள போயிருந்துச்சு. ஆனா ஈரலோட கொழுப்பையும் விறைப்பையும் அளக்குற ஃபைப்ரோஸ்கேன்ல கொழுப்பு அளவு 318லிருந்து 271. எடை பெருசா இறங்காட்டியும் பயிற்சியால ஈரல் கொழுப்பு இறங்கும்னு டாக்டர் சொன்னப்போ, ஆறுதலுக்குச் சொல்றார்னுதான் நெனச்சேன். ஈரல்ல தழும்பு இருக்கான்னு காட்டுற விறைப்பு 6.1 தான், 8க்குக் கீழ இருந்தா பெருசா பயமில்லயாம். தழும்பு விழுந்தவங்களுக்குக் கதை வேற, எடையில பத்து சதவீதமாவது குறைக்கச் சொல்றாங்க. அதனால ஸ்கேன்ல கிரேடு என்னன்னு பார்த்ததோட விட்டுராதீங்க, விறைப்பையும் கேளுங்க.

பருத்திப்பாலை முழுசா விடல அக்கா, ஞாயித்துக்கிழமை அரை டம்ளர். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு மாமியார் இப்ப தனக்கும் ஸ்கேன் எடுக்கணுங்கிறாங்க. அவங்களுக்கும் 15 வருசமா சுகர்.