சைக்கிள் திருட்டு க்ளெய்ம் குடுத்துட்டாங்க, ஆனா இப்ப அது இதுன்னு காசு கேக்குறாங்க (லண்டன்)

ஈஸ்ட்ஹாம்_பையன்:
வணக்கம் மக்களே, இந்த ஊர்ல யாராச்சும் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம் பண்ணிருக்கீங்களா? ஸ்டேஷன் ஸ்டாண்ட்ல பூட்டிட்டு ஆபீஸ் போய் சாயங்காலம் வந்து பாத்தா டி-லாக் மட்டும் ரெண்டு துண்டா கெடக்கு, கிரைண்டர் போட்டு அறுத்த கருப்புத் தூள் கூட கம்பியில அப்படியே இருந்துச்சு. போலீஸ்ல க்ரைம் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கி, பூட்டு வாங்குன ரசீது, அறுந்த பூட்டோட போட்டோ எல்லாம் அனுப்புனேன். வீட்டுச் சாமான்களுக்கான கன்டென்ட்ஸ் பாலிசில சைக்கிளைத் தனியா சேத்திருந்ததால ஓகே ஆயிடுச்சு. 900 பவுண்ட் சைக்கிள், எக்ஸஸ் (நம்ம கையிலேர்ந்து போற பங்கு) 150 போக 750க்கு கடை வவுச்சர்.

அப்புறம்தான் ஆரம்பிச்சாங்க. புதுசா வாங்குற சைக்கிள் பாலிசில தானா வராதாம், சேக்கணும்னா கூடுதல் பிரீமியம், அதுக்கு மேல 25 பவுண்ட் அட்மின் ஃபீஸ். சரி போங்கடான்னு கேன்சல் பண்றேன்னு சொன்னா, க்ளெய்ம் வாங்கிட்டீங்க, அதனால வருஷம் முடியற வரைக்கும் உள்ள மாசத் தவணை மொத்தத்தையும் கட்டிட்டுப் போங்கங்கறாங்க. இது போதாதுன்னு ஆபீஸ் மூலமா சைக்கிள் எடுக்கற சைக்கிள் டூ வொர்க் ஸ்கீம்ல எடுத்ததால ஆபீஸ்ல சம்பளத்துல இன்னும் பிடிச்சிட்டே இருக்காங்க. இல்லாத சைக்கிளுக்கு எத்தனை பேருக்குத்தான்யா காசு கட்டுறது?

குரொய்டன்_மாமா:
தம்பி, கடுப்பா இருக்கும், ஆனா தவணை விஷயத்துல அவன் சொல்றது சரிதான். பாலிசிங்கறது ஒரு வருஷத்துக்கான ஒப்பந்தம், மாசா மாசம் கட்டுறது நம்ம வசதிக்கு, உண்மையில அது ஒரு கடன், அதான் பல பேர் வட்டியும் போடுறான். க்ளெய்ம் எதுவும் இல்லாம பாதியில விட்டா மிச்ச மாசத்துக்குக் கணக்கு பாத்துத் திருப்பித் தருவான், க்ளெய்ம் வாங்கிட்டா கிட்டத்தட்ட எந்தக் கம்பெனியும் தர மாட்டான். பாலிசி புக்குல கேன்சலேஷன் பகுதியில இருக்கும், எடுத்துப் படிங்க. என்னைக் கேட்டா கேன்சலே பண்ணாதீங்க, எப்படியும் காசு போகப் போகுது, வீட்டுல இருக்கற லேப்டாப் டிவிக்காச்சும் வருஷம் முடியற வரை கவர் இருக்கட்டும்.

அந்த 25 பவுண்டை மட்டும் விடாதீங்க. பல நேரம் அது இன்சூரன்ஸ் கம்பெனி ஃபீஸே இல்ல, நடுவுல இருக்கற புரோக்கர் போடுறது. வாங்கும்போது குடுத்த பேப்பர்ல அந்தத் தொகை எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா கட்ட வேண்டியதில்ல. ஆன்லைன் அக்கவுண்ட்ல நீங்களே மாத்துனா ஃபீஸ் இல்லாமலும் இருக்கலாம், போன் பண்ணி மாத்துனாதான் சில பேர் வாங்குறாங்க.

ஹரோ_அண்ணை:
தம்பி, உந்தச் சைக்கிள் இன்னும் உம்மட பேரில இல்லை எண்டதை முதல்ல விளங்கிக் கொள்ளும். சைக்கிள் டூ வொர்க் எண்டா நீர் வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறீர், வாடகைக் காலம் முடியுமட்டும் அது வேலை இடத்துக்காரற்ற இல்லாட்டி ஸ்கீம் நடத்திறவற்ற சொத்து. களவு போனாலும் சம்பளத்தில கழிக்கிறதை நிப்பாட்ட மாட்டினம், நீர் சைன் வைச்ச பேப்பரிலயே அது கிடக்கும். அதுக்காகக் க்ளெய்ம் பிழை எண்டும் இல்லை, கனக்கப் பாலிசியளில நீர் பொறுப்பா இருக்கிற சாமானுக்கும் கவர் இருக்கு. வவுச்சரைப் பாவிக்க முதல் எச்ஆருக்கு ஒரு ஈமெயில் போடும், களவு போன விசயத்தை அவைக்கு எழுத்தில சொல்லி வைக்கிறது நல்லது.

டபுள்டெக்கர்:
இதுக்குத்தான் நான் எழுபது பவுண்டுக்கு பழைய சைக்கிள் ஒண்ணு வெச்சிருக்கேன், பூட்டுதான் சைக்கிளை விட விலை ஜாஸ்தி 😂

ரெடிங்_ராணி:
யாருமே ரினியூவலைப் பத்திச் சொல்லலையே. நிஜச் செலவு அங்கதான் வரும். க்ளெய்ம் பண்ணாம இருந்ததுக்குக் குடுக்கற நோ க்ளெய்ம் டிஸ்கவுன்ட் குறையும், வேற கம்பெனிக்குப் போனாலும் பொதுவா கடைசி 5 வருஷத்துல என்னென்ன க்ளெய்ம்னு கேப்பாங்க, மறைச்சா நாளைக்கு வீட்டுல தண்ணிக் குழாய் வெடிச்சு க்ளெய்ம் கேட்டா பாலிசியே செல்லாதுன்னு சொல்லிடுவாங்க. சியூஇன்னு (CUE) இன்சூரன்ஸ் கம்பெனிங்க தங்களுக்குள்ள பகிர்ந்துக்கற ஒரு டேட்டாபேஸ் இருக்கு, இந்த மாதிரி க்ளெய்ம் பொதுவா அதுல ஏறிடும். 2022 ஜனவரிலேர்ந்து, புதுசா வர்ற கஸ்டமருக்குப் போடுற ரேட்டை விடப் பழைய கஸ்டமருக்கு ரினியூவல்ல அதிகம் போடக் கூடாதுன்னு நிதிக் கம்பெனிங்களைக் கண்காணிக்கற எஃப்சிஏவோட ரூல் இருக்குதான், ஆனா அது க்ளெய்முக்காக ஏத்துறதைத் தடுக்காது. அதனால நாலு கம்பெனில ரேட் கேட்டுப் பாருங்க ப்ரோ.

ஈஸ்ட்ஹாம்_பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேப்பரை எடுத்துப் பாத்தேன், 25 பவுண்ட் புரோக்கர் ஃபீஸ்தான், மாமா சொன்னது கரெக்ட், ஆனா அதுல எழுதியிருக்கு 😑 ஆன்லைன்ல மாத்த முடியுமான்னு பாக்கறேன். இன்னொண்ணு, வவுச்சருக்குப் பதிலா காசா கேக்கலாமா? அந்தக் கடைல என் சைஸ் ஃப்ரேமே இல்ல.

குரொய்டன்_மாமா:
கேக்கலாம். கடைல இருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தள்ளுபடி கெடைக்கும், சும்மா காசுதான் வேணும்னு நின்னா அந்தத் தள்ளுபடியைக் கழிச்சிட்டுதான் குடுப்பாங்க. ஆனா அதே மாதிரி சைக்கிள் அந்தக் கடைல கெடைக்கலைன்னா முழுத் தொகை கேக்க உங்களுக்கு நியாயம் இருக்கு, ஸ்டாக் இல்லைன்னு கடைக்காரன்கிட்ட ஈமெயில்ல வாங்கி அனுப்புங்க. முடியாதுன்னா முறைப்படி கம்ப்ளைண்ட் போடுங்க, 8 வாரம் டைம் அவங்களுக்கு, அதுக்கப்புறமும் சரியா வரலைன்னா, இந்த மாதிரி தகராறைத் தீத்து வைக்கற ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன்கிட்ட போகலாம். நமக்குச் செலவு கிடையாது, கம்பெனியோட கடைசி பதில் வந்து 6 மாசத்துக்குள்ள போயிடணும்.