டிபி மாத்திரை எடுக்கும்போதே கழுத்துக் கட்டி பெரிதாகிறது, யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

வணக்கம். என் தங்கைக்கு 24 வயது. நாலு மாதம் முன்பு கழுத்தின் வலப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. வலி, இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. முதலில் பார்த்த டாக்டர் சொத்தைப் பல்லால் வந்த நெறி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். குறையவில்லை. அப்புறம் ஊசி வழியாக மாதிரி எடுத்து, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையும் செய்ததில் நிணநீர்க் கணுவில் காசநோய் என்று தெரிந்தது. முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினை எதிர்த்துத் தாக்குப்பிடிக்கும் கிருமி இல்லை என்றும் வந்தது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். நுரையீரலைத் தொடாமல் கழுத்தில் மட்டும் டிபி வரும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

மாத்திரை தொடங்கி ஏழு வாரம். ஒரு நாளும் விட்டதில்லை. பசி எடுக்கிறது, இரண்டு கிலோ கூடியிருக்கிறாள். ஆனால் போன வாரம் அதே கட்டி எலுமிச்சை அளவுக்குப் பெருத்து, தோல் சிவந்து, காதுக்குக் கீழே இன்னொன்றும் முளைத்திருக்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடலாம் என்கிறார் அம்மா. செத்த கிருமிகளுக்கு எதிராக உடம்பின் எதிர்ப்பு சக்தி கிளர்ந்தெழுவதால் சிலருக்கு இப்படி வீங்கும், மாத்திரையை நிறுத்தவே கூடாது என்கிறார் டாக்டர். நாங்கள் நிறுத்தப் போவதில்லை. ஆனாலும் ராத்திரியில் அவள் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிப் பார்ப்பதைக் காண மனசு தாங்கவில்லை.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். வீக்கம் வடிய எத்தனை நாள் ஆனது? சீழை ஊசியால் எடுத்தார்களா, ஸ்டீராய்டு கொடுத்தார்களா? சிகிச்சை ஆறு மாதத்தில் முடிந்ததா, நீட்டினார்களா? மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று மறுபடி பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாமா? பற்று, பச்சிலை யோசனைகள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.