மறுமொழி: அரசியல் நையாண்டித் தொடரா, அங்கதத் தொடரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர்களுக்கான பகுப்புப் பெயர்களில் ‘அரசியல் நகைச்சுவை’ என்பதை முடிவு செய்துவிடலாம் என்று போன மடலில் ஐயா எழுதியிருந்தார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா. அந்தப் பெயரில் தேடினால் மேடைக் கிண்டல், பட்டிமன்றத் துணுக்கு, மிமிக்ரி எல்லாம் வந்து விழும். ‘யெஸ் மினிஸ்டர்’ என்ற பிரிட்டிஷ் தொடர் மாதிரி ஒன்றைத் தேடுகிறவருக்கு அது அகப்படாது.

‘நையாண்டி’ நல்ல சொல், வாயில் புழங்குகிறது. ஆனால் ஆளைச் சீண்டுவதோடு அது நின்றுவிடலாம். பகடி என்றால் ஒன்றைப் போலவே செய்துகாட்டுவது. ஒரு குற்றத்தைக் குறிவைப்பது அங்கதம்தான். அங்கதம் என்றால் தோள்வளை ஆயிற்றே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தோள்வளையை இன்று யார் அப்படிச் சொல்கிறார்கள்? பொதுப்பெயர் ‘அரசியல் அங்கதத் தொடர்’ என்றே இருக்கட்டும்.

அதற்குள் இரண்டு வகை வேண்டும். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைதால் செம்பொருள். சொல்ல வந்ததை மறைத்துச் சொன்னால் கரந்தது; அதற்குப் பழிகரப்பு என்று பெயர்.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே கூத்தில் பார்த்துவிட்டேன். குடியாத்தம் பக்கம் எங்கள் ஊரில் பாரதக் கூத்து. துரியோதனன் கொலுவில் வந்து உட்கார்ந்ததும், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கேட்டான்: “ராஜா, ஒங்க அஸ்தினாபுரத்துல கொழாயில தண்ணி வருதா?” அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் முன்வரிசை நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். யார் பேரையும் அவன் சொல்லவில்லை.

‘யெஸ் மினிஸ்டர்’ செய்வதும் இதையேதான். பிபிசியில் 1980 முதல் 1984 வரை வந்தது; அதன் தொடர்ச்சி ‘யெஸ், பிரைம் மினிஸ்டர்’ 1986 முதல் 1988 வரை. அமைச்சர் ஹேக்கர் எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள். அடி கட்சிக்கு விழுவதில்லை, கோப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நிர்வாகத்துக்கு விழுகிறது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் கோப்பு தொலைந்துவிட்டது, ‘தீவிரப் பரிசீலனையில் உள்ளது’ என்றால் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அதில் ஒரு விளக்கம் வரும். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். லண்டனையே பார்க்காத மனிதர்! குற்றவாளியின் பெயர் மறைந்திருப்பதால்தான் அந்தக் கதை ஊர்விட்டு ஊர் போகிறது. 2001இல் ஸ்டார் பிளஸ்ஸில் ஃபாரூக் ஷேக் நடித்து ‘ஜி மந்த்ரிஜி’ என்று இந்தியிலும் வந்தது.

‘ஸ்பிட்டிங் இமேஜ்’ நேர் எதிர். 1984 முதல் 1996 வரை ஐடிவியில் வந்த பொம்மலாட்டம். அன்றைய பிரதமர் தாட்சர் முதல் எல்லாரும் சொந்த முகத்தோடும் சொந்தப் பெயரோடும் வந்து அடி வாங்குவார்கள். அது செம்பொருள். அந்த முகங்களை அறியாதவருக்குப் பாதி சிரிப்புப் போய்விடும். எனக்குப் பழிகரப்புதான் பெரிய கலை.

அப்புறம், இது நம் மண்ணுக்குப் புதியதும் இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மனையில் இருக்கின்றன என்றார். அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வதுபோல் இருந்தாலும், உன் ஆயுதம் போரே பார்த்ததில்லை என்பதுதான் மறைபொருள். புறநானூறு 95. கேட்டவன் ஆண்டது நம் தொண்டை நாடு.

மறைத்துச் சொல்லும் வகைக்கு முதலில் ‘கரப்பங்கதம்’ என்றுதான் எழுதி வைத்தேன். அக்கா படித்துவிட்டு, கரப்பான் பூச்சி நினைவு வருகிறது என்றார். சரி, அதை விட்டுவிட்டேன். ‘பழிகரப்புத் தொடர்’, ‘செம்பொருள் தொடர்’ என்ற இரண்டையும் முன்வைக்கிறேன்.

பிரிட்டிஷ் தொடர் ‘தி திக் ஆஃப் இட்’, அமெரிக்கத் தொடர் ‘வீப்’ இரண்டும்தான் இடிக்கின்றன. வாய் திறந்தால் வசவு. ஆனால் அமைச்சரும் துணை அதிபரும் கற்பனை ஆட்கள். வசவு கதைமாந்தரின் பேச்சு, குறி மறைந்தேதான் இருக்கிறது என்பதால் நான் பழிகரப்பில் வைப்பேன். இதில் மாற்றுக் கருத்து இருப்பவர்கள், பகுப்பை உருவாக்கும் முன் எழுதிவிடுங்கள்.