ஆன்லைன் பணம் நடுவழியில் நின்றுவிட்டால் சின்ன வியாபாரி என்ன செய்வது?

தாண்டிக்குடி காபிக்காரன்:

கீழ்ப்பழனி மலையில் நாலு ஏக்கர் காபி, ஊடே மிளகு. மூன்று வருடமாக மண்டிக்குப் போடுவதைக் குறைத்து, நானே வறுத்து அரைத்து நேராக வீடுகளுக்கு அனுப்புகிறேன். பணம் வருவது முழுக்க ஒரே பேமெண்ட் கேட்வே வழியாக, அதாவது வாடிக்கையாளர் ஆன்லைனில் கட்டுவதை வாங்கி நம் வங்கிக் கணக்கில் போடுகிற கம்பெனி. இந்தப் பொங்கல் வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. இன்று ஆர்டர் வந்தால் இரண்டு நாளில் கணக்கில் ஏறிவிடும்.

இந்தப் பொங்கலுக்கு முந்தைய பத்து நாளில் ஆர்டர் வழக்கத்தைவிட நாலு மடங்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மின்னஞ்சல் வந்தது: கணக்கு பரிசீலனையில் இருக்கிறது, செட்டில்மென்ட் (வசூலானதை என் கணக்கில் போடுவது) நிறுத்தப்பட்டிருக்கிறது. உள்ளே நின்றது 1,84,000 ரூபாய். மறுநாள் சனிக்கிழமை. பழம் பறிக்கிற பதினொரு பேருக்கு வாரச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கூரியர் ரசீதுகள், உணவுப் பாதுகாப்பு உரிமம், நிலப் பட்டா என்று கேட்டார்கள். பட்டா அப்பா பெயரில், உரிமம் என் பெயரில். அதற்கு ஒரு விளக்கக் கடிதம். வீட்டில் டவர் நிற்காது. பண்ணைக்காடு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக ஏற்றினேன். இரண்டு தடவை 'தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். பேசுவதற்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் பணம் விழுந்தது. நடுவில் வந்த மூன்று சனிக்கிழமையும் மனைவியின் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துத்தான் சம்பளம் கொடுத்தேன்.

இந்தக் கம்பெனிகளை நம்பி ஒரு குடும்பத் தொழிலை நடத்தவே கூடாது என்பது என் முடிவு. மற்றவர்கள் சொல்லுங்கள்.

வில்பட்டி ஹோம்ஸ்டே:

தம்பி, பட்ட கஷ்டம் புரிகிறது. ஆனால் முடிவு சரியில்லை. கொடைக்கானல் பக்கம் நாலு அறை வைத்து நடத்துகிறேன். ஆன்லைன் முன்பணம் வாங்குவதற்கு முன்னால், மே மாதம் போனில் 'வந்துவிடுகிறோம்' என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களால் எத்தனை அறை காலியாகக் கிடந்தது என்பது எனக்குத்தான் தெரியும். இப்போது பாதிப் பணம் கட்டினால்தான் அறை. வராதவர் யாருமில்லை.

இன்னொன்று. அவர்கள் ஆவணம் கேட்பது வீம்புக்கு இல்லை. 2020 மார்ச்சிலிருந்தே ரிசர்வ் வங்கி வைத்திருக்கிற விதிப்படி, இந்த நிறுவனங்கள் வியாபாரி யார், என்ன விற்கிறார் என்று சரிபார்த்தாக வேண்டும். வசூலான பணத்தைத் தங்கள் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வங்கியில் எஸ்க்ரோ என்கிற தனிக் கணக்கில் வைக்க வேண்டும். உங்கள் பணத்தை அவர்கள் எடுத்துச் செலவழித்துவிட முடியாது. விற்பனை திடீரென நாலு மடங்கானால் மோசடியோ என்று சந்தேகம் வரத்தான் செய்யும். பட்டா ஒரு பெயர், உரிமம் ஒரு பெயர் என்றிருந்தால் சந்தேகம் கூடும்.

தாண்டிக்குடி காபிக்காரன்:

அக்கா, பணம் பத்திரமாக இருந்தது, நான் மறுக்கவில்லை. பறிப்பு ஆளிடம் 'எஸ்க்ரோவில் பத்திரமாக இருக்கிறது' என்று சொன்னால் அவர் வீட்டில் உலை ஏறுமா? சரிபார்ப்பதை நான் சேர்ந்த அன்றே செய்திருக்கலாமே. மூன்று வருடம் கமிஷன் வாங்கிக்கொண்டார்கள், அப்போது யாரும் பட்டா கேட்கவில்லை. பொங்கல் வாரத்தில்தான் கேட்கத் தோன்றியது.

மண்டிக்காரரும் பணத்தை இழுத்தடிப்பார். ஆனால் அவர் கடை எனக்குத் தெரியும். விடிகாலையில் போய் அவர் திண்ணையில் உட்கார்ந்தால் பாதியாவது வாங்காமல் எழுந்து வர மாட்டேன். இங்கே போய் உட்காரத் திண்ணை எங்கே இருக்கிறது?

குன்னூர் பேக்கரி:

நான் வர்க்கியும் சாக்லேட்டும் விற்பவன். எனக்கு கேட்வே கிடையாது, கியூஆர் அட்டை மட்டும். அதிலும் மாட்டினேன்.

ஒரு சீசன் நாளில் காரில் வந்த நாலு பேர் 640 ரூபாய்க்கு வாங்கி ஸ்கேன் செய்துவிட்டுப் போனார்கள். மூன்று வாரம் கழித்து மைதாக்காரருக்குப் பணம் அனுப்பினால் போகவில்லை. வங்கிக்கு ஓடினேன். வேறு மாநிலத்தில் யாரோ பணத்தைப் பறிகொடுத்து 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பணம் பல கணக்கு தாண்டி, அதில் 640 ரூபாய் என் கல்லாவில் விழுந்திருக்கிறது. 640 ரூபாயை மட்டும் நிறுத்தியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். கணக்கு முழுவதையும் முடக்கிவிட்டார்கள். பில்லையும் அன்றைய கேமரா படத்தையும் அந்தக் காவல் நிலையத்துக்கு அனுப்பி, போன் போட்டுப் போட்டு, மீள ஒன்றரை மாதம் ஆனது. அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவர்களுக்குப் புரியவில்லை. 2023-ல் கேரளாவில் ஏகப்பட்ட கடைக்காரர்கள் இதே மாதிரி சிக்கிய செய்தியை அப்புறம்தான் படித்தேன்.

வில்பட்டி ஹோம்ஸ்டே:

அண்ணே, இதைக் கேட்வே கணக்கில் எழுதக் கூடாது. உங்களுடையது காவல்துறையும் வங்கியும் சேர்ந்து செய்த முடக்கம். தம்பியுடையது கம்பெனியின் நிறுத்தம். இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் எங்கே போய் முறையிடுவது என்றே தெரியாமல் அலைய வேண்டியதுதான்.

வத்தலக்குண்டு கணக்கர்:

மலையில் பலருக்குக் கணக்கு எழுதுகிறேன், அதனால் சொல்கிறேன். பயந்து ரொக்கத்துக்குத் திரும்பாதீர்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், பெங்களூரில் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று அட்டை தொங்கவிட்டார்கள். பொருள் விற்பவருக்கு வருட விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பது ரொக்கத்துக்கும் சேர்த்துத்தான். அட்டை தொங்கவிட்டால் விதி மாறாது, வாடிக்கையாளர்தான் அடுத்த கடைக்குப் போவார்.

கடன் கேட்டுப் போகும்போது வங்கி மேலாளர் பார்ப்பது கணக்கில் ஏறிய வரவை. ரொக்கத்தில் விற்றதற்கு அங்கே மதிப்பில்லை. செலவைப் பாருங்கள்: 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-க்கு வியாபாரிக் கட்டணம் இல்லை. கேட்வேயில் கார்டு வரவுக்கு 2 சதவீதம் வாக்கில் பிடிப்பார்கள், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட வரவானால் பிடித்த கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மண்டிக் கமிஷனோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு, நீங்களே சொல்லுங்கள் அண்ணே.

தாண்டிக்குடி காபிக்காரன்:

கமிஷன் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். நான் ரொக்கத்துக்குப் போகச் சொல்லவில்லை. சென்னையில் இருப்பவர் தாண்டிக்குடி காபிக்கு எப்படி ரொக்கம் தருவார்? நமக்கும் பணத்துக்கும் நடுவில் யார் யார் நிற்கிறார்கள் என்பதே நமக்குத் தெரியவில்லை என்கிறேன். 2020 மார்ச் 5-ஆம் தேதி யெஸ் பேங்க் மீது கட்டுப்பாடு வந்தது, மறுநாள் ஃபோன்பே படுத்துவிட்டது. ஃபோன்பேக்குப் பின்னால் அந்த வங்கி இருந்தது எந்தக் கடைக்காரருக்குத் தெரியும்? 2024 ஜனவரி 31-ல் பேடிஎம் பேமெண்ட்ஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி உத்தரவு வந்தது. அந்த வங்கியில் கணக்கு வைத்து வசூல் வாங்கிய கடைக்காரர்கள் மார்ச் 15-க்குள் வேறு வங்கிக்கு மாற வேண்டியதாயிற்று. அவர்கள் செய்த தப்பு என்ன?

வில்பட்டி ஹோம்ஸ்டே:

அப்படிப் பார்த்தால் 2025 ஏப்ரல் 12 நானும் சொல்ல வேண்டும். சித்திரைப் பிறப்பை ஒட்டிய சனிக்கிழமை, அறைகள் நிரம்பியிருந்தன. அறையைக் காலி செய்கிற நேரத்தில் நாடு முழுக்க யுபிஐ நின்றது. ஒரு குடும்பம் வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டு மாறி மாறி மூன்று போனில் முயற்சி செய்தது. குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. 'ஊருக்குப் போய் அனுப்புங்கள்' என்று அனுப்பி வைத்தேன். ராத்திரி பழனியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் மாதத்தில் ஒரு நாள் நிற்கிறது என்பதற்காக மற்ற 29 நாளை விட்டுவிட முடியுமா?

வத்தலக்குண்டு கணக்கர்:

விட வேண்டாம், ஒரே கயிற்றில் தொங்கவும் வேண்டாம். இரண்டாவது கேட்வே இப்போதே எடுத்து வையுங்கள். பணம் நின்ற அன்று போய்க் கேட்டால் கிடைக்காது. 2022 டிசம்பரில் ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ என்ற இரண்டு கேட்வே கம்பெனிகளையும் புது வியாபாரிகளைச் சேர்க்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி நிறுத்தியது. 2023 டிசம்பரில்தான் மறுபடி திறந்தது. பழைய ஆட்களுக்கு ஒன்றும் நிற்கவில்லை. புதிதாகச் சேர நினைத்தவருக்கு ஒரு வருடம் அந்த வாசல் மூடியிருந்தது.

பேக்கரி அண்ணே, நீங்கள் கியூஆருக்குத் தனியாக ஒரு கணக்கு வையுங்கள். ராத்திரி கடை அடைத்ததும் அதிலிருப்பதை அடுத்த வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். முடக்கினாலும் ஒரு நாள் வசூலோடு போகும்.

குன்னூர் பேக்கரி:

அதைத்தான் இப்போது செய்கிறேன் தம்பி. மின்சாரம் போய் டவரும் போகிற மழை நாளில் மட்டும் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போகும். பில் புத்தகத்தையும் விடுவதில்லை. ஐம்பது ரூபாய் வர்க்கிக்கும் பில் போடுகிறேன்.

தாண்டிக்குடி காபிக்காரன்:

நானும் சும்மா இல்லை. அப்பாவோடு குத்தகைப் பத்திரம் எழுதி அதையும் ஏற்றிவிட்டேன். இரண்டாவது கேட்வே திறந்தாயிற்று, வாரத்தில் இரண்டு நாள் ஆர்டர் அதில் போகிறது. மூன்று வாரச் சம்பளம் கூட்டுறவு வங்கியில் தனியாகக் கிடக்கிறது, அதைத் தொடுவதில்லை. தீபாவளிக்கு முன்னால் விற்பனை கூடும் என்று பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். உங்கள் கேள்வி கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். அதனால்தான் என் கோபம் இன்னும் ஆறவில்லை, அக்கா. ஆவணம் கேட்கட்டும், நாள் சொல்லிக் கேட்கட்டும். இத்தனை நாளில் முடிப்போம், இந்த ஆளிடம் பேசுங்கள் என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் பறிப்பு ஆட்களின் மேஸ்திரியிடம் அதைச் சொல்லியிருப்பேன்.

வில்பட்டி ஹோம்ஸ்டே:

அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். மற்றதில் இல்லை, முன்பணம் வாங்காமல் போன் பேச்சை மட்டும் நம்பி இனி அறை தர மாட்டேன். சங்கிலி வீட்டுக்கு வந்துவிட்டதா தம்பி?

தாண்டிக்குடி காபிக்காரன்:

வந்துவிட்டது அக்கா. மிளகு விற்ற பணத்தில் மீட்டுவிட்டேன்.